துரைக்குப் பால்சோறு

துரைக்குச் சுகர் இருக்கிறது என்று தெரிந்த அன்று விஸ்வநத்தம் காலனித் தெரு முழுக்கச் சிரித்தது. சிரிக்கத்தான் செய்வார்கள். மனுசனுக்கு வருகிற சீக்கு ஒரு பூனைக்கு வந்தால் யாருக்குத் துக்கம் வரும்? "துரைன்னு பேரு வச்சீகள்ல, அதான் துரைமாரு சீக்கு வந்துருக்கு" என்றாள் குழாயடியில் ஒருத்தி. மாடத்தியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். வீட்டுப்படி ஏறும்போது அந்தச் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

முதலில் கண்டுபிடித்தது எறும்புகள்தான். புறவாசலில் துரை மூத்திரம் பெய்கிற மணலில் எறும்பு சாரை சாரையாக ஏறியிருந்தது. மாடத்தி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் பார்த்தால், பூனை எந்நேரமும் தண்ணீர் வாளியில் வாயை வைத்துக்கொண்டு நிற்கிறது. தின்கிற தீனிக்குக் குறைச்சல் இல்லை, உடம்பு மட்டும் வற்றிக்கொண்டே வருகிறது. செம்பட்டை நிறத்தில் தலையணை மாதிரி இருந்த கடுவன் பூனை, முதுகெலும்பு எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டது. பின்னங்கால்களைக் கணுக்கால் வரைக்கும் தரையில் பதித்து இழுத்து இழுத்து நடந்தது.

"ஏ புள்ள, இவனைப் பாரேன். ஒரு எட்டு வைக்க முடியலயே இவனுக்கு" என்று சங்கிலிமுத்து சொன்னபோது அவன் குரல் நடுங்கியது. பூனைக்காக இல்லை, அந்த நடுக்கத்துக்காகத்தான் மாடத்தி மறுநாள் பட்டாசுக் கம்பெனிக்கு லீவு சொன்னாள்.

சங்கிலிமுத்து அவள் புருசன். அவனும் பட்டாசு வேலைக்காரன்தான். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து கலக்குகிற அறையில் இருந்தான். சில வருசங்களுக்கு முன்னால் ஒரு வைகாசியில் அந்த அறை வெடித்துப் போனது. கூட நின்றவன் அங்கேயே முடிந்தான். இவன் மதுரை ஆஸ்பத்திரியில் வாழையிலையில் கிடந்து பிழைத்து வந்தான். பிழைத்தான் என்று பெயர். இடப்பக்க முகம் உருகி ஒட்டிக்கொண்டது. இரண்டு கைகளின் விரல்களும் மடங்கி உள்ளங்கையோடு சேர்ந்துவிட்டன. டம்ளரை இரண்டு மணிக்கட்டாலும் அணைத்துத்தான் தூக்குவான். திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பார்க்க வந்தாள். பிள்ளை அவன் முகத்தைப் பார்த்து வீரிட்டு அழுதது. அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன், அதோடு பேச்சை நிறுத்திவிட்டான். வாசல்படியும் தாண்டவில்லை. மாதக்கணக்கில் அந்த வீட்டில் மாடத்தியின் குரல் மட்டும்தான் கேட்டது.

அந்த வருசத்து ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு உள்ளே வந்த குட்டிதான் துரை. வந்த ஜோரில் அவன் நெஞ்சில் ஏறி வெந்த கன்னத்தை மோந்து பார்த்தது. மிரளவில்லை. தாடையை ஒரு நக்கு நக்கிவிட்டுக் கழுத்துக்குள் சுருண்டுகொண்டது. மாடத்தி அடுப்படியில் இருந்தாள். "ஏலே, எங்கன இருந்துலே வந்த நீ?" என்று ஒரு ஆம்பளைக் குரல் கேட்டு, யாரோ வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று பதறி ஓடிவந்தாள். அது தன் புருசன் குரல் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அதிலிருந்து பூனையோடு பேசினான். பூனை வழியாக அவளோடும் பேசினான். "துரை, கொழம்புல இன்னைக்கு உப்பு எங்கலே போச்சுன்னு உங்காத்தாகிட்ட கேளு" என்பான். "உப்பு வேணும்னா அவுகளே எந்திரிச்சு வந்து போட்டுக்கிடச் சொல்லுலே" என்று இவள் பதில் அனுப்புவாள். அப்படியே வளர்ந்து, ஒரு கட்டத்தில் நேராகவே பேச ஆரம்பித்தான். அந்தப் பூனை போனால் கூடவே வேறு என்னென்ன போகும் என்று மாடத்திக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியாது. தெரியாததால் சிரித்தது, அதைக் குற்றம் சொல்லிப் பயன் இல்லை.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா இளவயசு, வெளியூர்ப் பேச்சு. துரையின் காதில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னம்மா சாப்பிடக் குடுக்கறீங்க?"

"எல்லாந் திங்கும்மா. பாலு, பன்னு, ரசஞ்சோறு. எங்க வீட்டுக்காரக டீ குடிக்கயில அதுல பாதி இதுக்குத்தான். பன்னைப் பால்ல முக்கி முக்கிக் குடுப்பாக."

"எல்லாத்தையும் நிறுத்துங்க. இனிமே வேகவெச்ச மீனு, கோழி. அவ்வளவுதான். காலையிலயும் சாயந்தரமும் சாப்பிட்டதும் ஊசி போடணும், ரெண்டு யூனிட். போடறதுக்கு முன்னாடி காதுல குத்திப் பாத்துட்டுப் போடுங்க. சாப்பாட்டை மாத்தினா என்கிட்டச் சொல்லணும், ஏன்னா அதுக்குத் தக்கனதான் மருந்து." 

ஊசி பிடிக்கவும், பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கிக் குத்தவும் சொல்லிக் கொடுத்தாள். வீட்டில் ரத்தம் பார்க்க ஒரு சின்ன மெஷினும் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். கிளம்பும்போது கேட்டாள்: "பகல்ல வீட்டில யாரு இருப்பாங்க?"

"எங்க வீட்டுக்காரக இருப்பாக."

"அப்ப அவர்கிட்ட இதைக் கண்டிப்பாச் சொல்லிடுங்க. சுகர் ஏறினா நாலு நாள் தாங்கும். இறங்கிப்போனா நேரமே குடுக்காது. தள்ளாடும், கிடுகிடுன்னு நடுங்கும், இழுப்பு வரும். உடனே சீனியைக் கரைச்சு ஈறுல தடவணும். தடவிட்டு எனக்குப் போன் பண்ணணும். புரிஞ்சுதா?"

"வெளங்குச்சும்மா."

விளங்கத்தான் செய்தது. ஆனால் கட்டைப் பையில் பூனையை வைத்துக்கொண்டு ஆட்டோவில் வரும்போது அவளுக்கு வேறு யோசனை ஓடியது. சங்கிலிமுத்து அந்தப் பன்னை ஊட்டுகிற விதம் அவளுக்குத் தெரியும். சோறு இவள்தான் ஊட்ட வேண்டும், சட்டை இவள்தான் மாட்ட வேண்டும். அவன் கையால் இந்த உலகத்தில் யாருக்காவது ஏதாவது கொடுக்க முடிகிறது என்றால் அது துரைக்கு மட்டும்தான். சீனி கொடுக்கலாம் என்று ஒரு வழி இருப்பது தெரிந்தால் போதும், பூனை கொட்டாவி விட்டால்கூட "இந்தா நடுங்குறான்" என்று டப்பாவைத் திறந்துவிடுவான். அவ்வளவு இளகின மனசு. அந்த மனசை நம்பி இந்த வைத்தியம் நடக்காது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும், "என்னவாம்? பொளச்சிருவானா?" என்று கேட்டான்.

"பொளைக்கிறதும் பொளைக்காததும் ஒங்க கையிலதான் இருக்கு. பாலு, பன்னு ஒண்ணும் ஆகாது. சீனி ஒரு பொட்டு நாக்குல பட்டாலும் செத்துரும்னு டாக்டரம்மா சொல்லிட்டாக."

"ஒரு பொட்டா?"

"ஒரு பொட்டு."

முழுப்பொய் என்று சொல்ல முடியாது. பாதியைச் சொன்னாள், அந்தப் பாதியையும் கூட்டிச் சொன்னாள். மீதியைக் கொஞ்ச நாள் பழகினபின் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அவன் கேட்டுக்கொண்டது அவளே எதிர்பார்க்காத அளவுக்கு இருந்தது. பூனை ஏங்கிப்போகும் என்று தானும் பால் டீயை விட்டான். கடுங்காப்பியை முகம் சுளித்துக்கொண்டு குடித்தான். சீனி டப்பாவை மேல்தட்டில் ஏற்றி வைக்கச் சொன்னான். தரையில் சிந்தியிருக்குமோ என்று குனிந்து குனிந்து பார்த்தான். இவ்வளவு ஒழுங்காக இருக்கிறவனிடம் மீதியைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று மாடத்திக்குத் தோன்ற ஆரம்பித்தது.

காலையில் கம்பெனி வேன் வருவதற்குள் எல்லாம் முடிய வேண்டும். கருப்பணன் டிவிஎஸ்ஸில் கொண்டுவருகிற சாளை மீனை வாங்கி உப்பில்லாமல் அவித்து முள் எடுத்து வைப்பாள். துரை தின்கிற நேரத்தில் கையைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பாள். தரைச்சக்கரம் சுற்றுகிற கை அது. எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் வெள்ளிப் பவுடர் மினுங்கும். "இன்னொருக்கா களுவு, அவன் ஒடம்புல பட்டுரும்" என்பான் சங்கிலிமுத்து. அப்புறம் பூனையை மடியில் வைத்து, மடங்கிய கைகள் இரண்டையும் தொட்டில் போலக் கூட்டிப் பிடித்துக்கொள்வான். "ஏலே, அங்கன பாரு, காக்கா. பாத்தியா? பாத்துக்கிட்டே இருலே" என்று அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே இவள் குத்தி எடுத்துவிடுவாள். ஊசி போட்டது துரைக்குத் தெரியாது. சங்கிலிமுத்துதான் ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வான்.

கம்பெனியில் நாலு பேர் உட்காருகிற அறையில் மாரிசெல்வி அவளுக்குப் பக்கத்து இடம். காகிதக் குழாயை வட்டமாகச் சுருட்டிப் பசை போட்டு ஒட்டிக்கொண்டே கேலி பேசுவாள்.

"மதினி, ஊசி போடத்தான் படிச்சாச்சுல்ல. எங்க மாமியாளுக்கும் வந்து போட்டுட்டுப் போங்களேன். நான் போட்டா ஊரக் கூட்டுது."

"எங்க வீட்டுக் கடுவன் மாதிரி ஒங்க அத்தை வாய மூடிக்கிட்டு இருக்குமா? இருந்தா வாரேன்."

"அது சரி. எப்படி இருக்கான் துரை?"

"நேத்து சன்னல் திண்டுல தாவி ஏறிட்டான் தெரியுமா? இவுக சந்தோசத்தப் பாக்கணுமே. புள்ள எட்டாவது பாஸாயிட்ட கணக்கா எங்கிட்ட சொல்றாக."

அப்படித்தான் சித்திரையும் வைகாசியும் ஆனியும் போயின. பின்னங்கால் நிமிர்ந்தது. உடம்பில் சதை பிடித்தது. மணலில் எறும்பைக் காணோம். ஒருநாள் சங்கிலிமுத்து, தெருவில் பேசிக்கொண்டு போனவர்களுக்கு ஜன்னல் வழியாகப் பதில் சொன்னான். மாடத்தி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மூன்று மாதம் போல அவள் வாழ்க்கையில் நல்ல காலம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

ஆடி பிறந்தது. மேல்காற்று புழுதியை வாரிக் கொட்டியது. சாத்தூர்ப் பாதையில் மஞ்சள் சேலைகள் நடக்க ஆரம்பித்துவிட்டன. மதுரை ஆஸ்பத்திரியில் புருசன் கிடந்தபோது, "தாயே, உசிரோட குடுத்துரு. வருசா வருசம் நடந்து வாரேன்" என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாடத்தி நேர்ந்திருந்தாள். கடைசி வெள்ளிக்கு நடை. அதற்கு முன் விரதம். விரதம் தொடங்கிவிட்டால் வீட்டில் கவிச்சி ஏறக்கூடாது. முட்டைகூட ஆகாது. சட்டி பானையைக் கழுவிக் கவிழ்த்து, வீட்டை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கூட்டிவிட்டாள்.

"அப்ப துரைக்கு?" என்றான் சங்கிலிமுத்து.

"பால்சோறுதான். வேற என்ன செய்ய?"

"பாலு ஆகாதுன்னு நீதான சொன்ன? வெளிய வச்சு மீனப் போட்டா என்ன? வேலிப்பக்கம் தின்னுட்டு வரட்டும்."

"தின்ன வாயோட உள்ளதான வரும்? ஒங்க மடியிலதான வந்து படுக்கும்?"

"அது வாயில்லாச் சீவன் புள்ள. அதுக்கென்ன தீட்டு?"

"அதுக்கில்ல, எனக்கு. நேர்ந்தது ஒங்க உசிருக்கு. அதுல ஒரு கொறை வச்சுட்டு நான் நிம்மதியா இருக்க முடியாது. மேல பேசாதீக. கொஞ்ச நாளுதான, பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கட்டும்."

அவள் சாமிக்குப் பயந்தவள். அவள் பயத்தில் நியாயம் இல்லை என்று, ஒரு வெடிச்சத்தம் கேட்டதும் எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனி என்று ஓடிப் பழகாத யாராவதுதான் சொல்ல முடியும்.

பால்சோறு உள்ளே போன மறுநாளே மெஷினில் எண் ஏறிவிட்டது. துரை மறுபடி வாளியோரம் போய் நின்றது. மாடத்தி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"சாப்பாடு அதேதானே? மீனு, கோழி?"

மாடத்தி தயங்கினாள். விரதம் என்று சொன்னால், பூனைக்கும் சாமிக்கும் என்னம்மா சம்பந்தம் என்று கேட்பாள் படித்தவள். பதில் சொல்லத் தெரியாது. திட்டு வாங்கவும் மனசில்லை.

"அதேதாம்மா" என்றாள்.

"அப்ப மருந்து பத்தலை. மூணாக்குங்க."

மூன்றுக்கும் இறங்கவில்லை. மறுபடி போன். "நாலு போடுங்க. ஆனா ஒவ்வொரு தடவையும் பாத்துட்டுத்தான் போடணும். நல்லாக் கொறைஞ்சிருந்தா போடாதீங்க, என்னைக் கூப்பிடுங்க."

கடைசி வெள்ளிக்குக் காலனிச் சனங்களோடு இருக்கன்குடிக்கு நடந்தாள். மாடத்தி பழக்கிவிட்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா இரண்டு வேளையும் வந்து ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டாள். கோயிலில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நின்றபோது, புருசனுக்காக வேண்ட வந்தவள் வாயில் துரையின் பெயரும் சேர்ந்தே வந்தது. "அவுகளையும் பாத்துக்கோ. அதையும் பாத்துக்கோ தாயே. அது இருந்தாத்தான் அவுக." கண்ணீர் வழிய வழியத்தான் கும்பிட்டாள்.

விரதம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை கருப்பணனிடம் சாளையும் ஊளியும் வாங்கினாள். மீன் வாசத்துக்குத் துரை அடுப்படியில் அவள் காலைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. அவித்த மீனைப் பார்த்ததும் மூச்சுவிடாமல் தின்றது. சங்கிலிமுத்துவுக்குப் பார்க்கப் பார்க்க ஆசை. "மெதுவா தின்னுலே, ஒன்ன யாரு வெரட்டுறா?" அன்று சாயந்தரம் காதில் குத்திப் பார்த்தால் எண் மளமளவென்று இறங்கியிருந்தது.

"ஆத்தா எறக்கிட்டா!" என்று மாடத்தி மெஷினைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆத்தாளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே அந்த நாலு யூனிட்டையும் போட்டாள். இறக்கியது மீன் என்றோ, பால்சோற்றுக்கு ஏற்றின மருந்து மீனுக்கு ஆகாது என்றோ அவளுக்குத் தோன்றவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போடவும் தோன்றவில்லை. கெட்டது நடந்தால்தானே டாக்டரைக் கூப்பிடுவார்கள்.

திங்கட்கிழமை காலையில் துரை பாதி மீனைத் தின்றுவிட்டு ஒதுங்கியது. மெஷினை எடுத்தாள். காது புண்ணாகித் தடித்திருந்தது.

"இன்னைக்கு ஒரு நா விடு புள்ள. காதப் பாரு, எம்புட்டுச் சிவந்து கெடக்கு. நேத்துதான் நல்லா இருந்துச்சுல்ல?" என்றான் சங்கிலிமுத்து.

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. ஒரு பொட்டு சீனி விசயத்தில் விட்டுக்கொடுக்காதவள் இதில் விட்டுக்கொடுத்தாள். "சரி, சாயந்தரம் பாத்துக்கிடலாம்." நாலு யூனிட்டை ஏற்றிப் பிடரியில் குத்திவிட்டு ஓடினாள்.

பட்டாசுக் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். வாசலில் மரத்தட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தீபாவளி சீசன், ஆர்டர் குவிந்து கிடந்தது. மாடத்தி அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தாள். இருக்கன்குடியில் வாங்கின பொரிகடலையை மாரிசெல்விக்குக் கொடுத்து, ஆத்தா எறக்கின கதையைச் சொன்னாள். சொல்லிச் சொல்லிச் சக்கரம் சுற்றினாள்.

சாயந்தரம் வாசலில் போனை எடுத்தால் திரை முழுக்கச் சங்கிலிமுத்து பெயர். விரல் நிமிராதவன், மூக்கு நுனியால் அமுக்கித்தான் அவன் போன் போடுவான். ஒரு தடவை போடுவதற்குள் வேர்த்துவிடும். திரும்பக் கூப்பிட்டாள். எடுத்தான். "வீட்டுக்கு வா புள்ள" என்றான்.

தெருமுனையில் வேனை விட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். "எங்க போன மாடத்தி? நான் வாளைப்பளம் வாங்கப் போயி ரோட்டுல பாத்தேன். ஒன் வீட்டுக்காரரு பூனையத் தூக்கிக்கிட்டு உச்சி வெயில்ல நிக்காரு. தலையில துண்டுகூட இல்ல. வாற ஆட்டோ எல்லாத்தையும் கையக் காட்டி மறிக்காரு. ஒருத்தன் நின்னான். மூஞ்சியப் பாத்துட்டுப் போயிட்டான் பாவி. நான் ரோட்டத் தாண்டி வாரதுக்குள்ள வீட்டுக்குத் திரும்பிட்டாரு."

வாசல்படி தாண்டாத மனுசன், மூடாத முகத்தோடு மெயின்ரோடு வரைக்கும் போயிருக்கிறான்.

உள்ளே சங்கிலிமுத்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் துரை. விறைத்துப்போயிருந்தது. அவன் கைகள் இன்னும் அதே தொட்டில் மாதிரித்தான் பிடித்திருந்தன. மாடத்தி அப்படியே எதிரில் உட்கார்ந்தாள். அவன் பேசினான். அவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் எப்போதும் கேட்டதில்லை.

"நீ போயி செத்த நேரம் நல்லாத்தான் இருந்தான். பத்துப் பதினொண்ணு இருக்கும். எந்திரிச்சு வந்தான் பாரு, தண்ணி போட்டவன் கணக்கா தள்ளாடுறான். நான் சிரிச்சேன் புள்ள. ஏலே, கோயிலுக்குப் போனது ஒங்காத்தா, ஒனக்கென்னலே சாமியாட்டம்னு சிரிச்சேன். அப்புறம் கிடுகிடுன்னு நடுங்குனான். கீள விளுந்து காலு வெட்டி வெட்டி இழுக்குது. வாயில நொரை. ஒனக்குப் போட்டேன், போட்டேன், மணி அடிக்குது, எடுக்க ஆளில்ல. தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனேன். ஒருத்தனும் நிக்கல. திரும்பி வந்து இங்கன போட்டேன், கொஞ்சம் மூச்சு இருந்துச்சு. அப்பத்தான் தோணுச்சு. மயங்கிக் கெடக்குறவுகளுக்குச் சீனித் தண்ணி குடுப்பாகள்ல? அதக் கொஞ்சம் வாயில வச்சுப் பாப்பமான்னு. முக்காலியப் போட்டு ஏறி டப்பாவ ரெண்டு கையாலயும் அணைச்சு எறக்கிட்டேன். பல்லால மூடியத் தொறந்துட்டேன். அப்புறம் நீ சொன்னது ஞாவகம் வந்துருச்சு. ஒரு பொட்டு பட்டாலும் செத்துருவான்னீல்ல. மூடி வச்சுட்டேன்."

முக்காலிக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்த டப்பாவை மாடத்தி பார்த்தாள்.

"நல்லவேள குடுக்கல புள்ள. அந்தப் பதட்டத்துல குடுத்திருந்தா எங்கையாலயே கொன்ன மாதிரி ஆயிருக்கும். அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதலு. இல்லையா?"

"ஆமா" என்றாள். "நல்லவேள."

அவளே வேலியோரம் குழி தோண்டினாள். அவன் மண்ணை முழங்கையால் தள்ளி மூடினான்.

அதற்குப் பிறகு நடந்தது மாடத்தி நினைத்ததற்கு நேர்மாறு. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பான், பேச்சு நின்றுபோகும் என்று பயந்துகொண்டிருந்தாள். அவன் பேசினான். ரோட்டில் அவனைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். சிரித்த தெருதான். வந்தவர்களையெல்லாம் உட்காரச் சொல்லி, தள்ளாடினதிலிருந்து டப்பாவை மூடினது வரைக்கும் சொன்னான். சொல்லி முடிக்கும்போது, "கடைசி வரைக்கும் சீனிய மட்டும் காட்டலயே. அந்த மட்டுக்கும் அவனுக்கு நான் துரோகம் பண்ணல" என்பான். கேட்டவர்கள் "நீ என்னப்பா செய்வ, அவன் விதி" என்பார்கள். அடுப்படியில் மாடத்தி கரண்டியைப் பிடித்தபடி நிற்பாள். ஒவ்வொரு தடவையும் அந்தப் பூனை அவளுக்கு மறுபடி சாகும். சொல்லாமலே இருந்துவிட்டால் இவன் இப்படியே பேசிக்கொண்டிருப்பான், அதற்காகத் தான் காலம் முழுக்க இதைச் சுமந்துகொள்ளலாம் என்று நினைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரிசெல்வி குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். "வா தாயி, உக்காரு" என்று சங்கிலிமுத்து ஆரம்பித்தான். அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். தள்ளாடினது என்றதும் புருவத்தைச் சுருக்கினாள். நடுங்கினது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்னண்ணே இது? எங்க அத்தையும் ஒருநா இப்படித்தான வெடவெடன்னு நடுங்கி விளுந்துச்சு. ஊசி கூடிப்போனா அப்படித்தான் ஆகுமாம். சீனியத்தான் அள்ளி வாயில..." 

சொல்லும்போதே நிலைப்படியில் நின்ற மாடத்தியின் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அது மனுசருக்குண்ணே. பூனைக்கு வேறயா இருக்கும்" என்று முணுமுணுத்துவிட்டு, கொண்டுவந்த பாத்திரத்தைக்கூட வாங்காமல் எழுந்து போய்விட்டாள்.

வெளியே மேல்காற்று தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது.

"மாடத்தி."

"ம்."

"டாக்டரம்மா ஒங்கிட்ட இதச் சொன்னாகளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மாரிசெல்வி அதற்கு வழியும் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தாள். ஆனால் அவன் முகம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த முகத்துக்குப் பொய் சொல்ல அவளுக்கு அதற்கு மேல் தெம்பில்லை.

"சொன்னாக."

"எங்கிட்டச் சொல்லலயே நீ. மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று அவள் சொல்ல வேண்டும் என்றுதான் அவன் கேட்டான். அது அவளுக்கும் தெரிந்தது.

"மறக்கல" என்றாள். "சொன்னா நீங்க சும்மா சும்மா குடுத்துருவீகன்னுதான் சொல்லல. ஒங்க மனசு தாங்காது, ஏதாச்சும் சாக்கு வச்சுக் குடுத்துருவீகன்னு நெனச்சேன்."

அவன் கோபப்படவில்லை. ஏசியிருந்தால், கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருந்தால் அவள் பிழைத்துப் போயிருப்பாள். மடங்கிக் கிடந்த தன் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா புள்ள" என்றான். "குடுத்திருப்பேன்."

மாடத்தி அங்கேயே சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் வெந்து கிடந்தபோதும் அப்படி அழுததில்லை. தெருவில் போனவர்கள் வாசலில் நின்று, செத்து ஒரு வாரமான பூனைக்கு இந்த அழுகையா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கிலிமுத்து எழுந்து போய், இரண்டு மணிக்கட்டாலும் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.